எய்தவன் பொறுப்பும் அம்பின் தன்மையும்

'எய்தவன் இருக்க அம்பை நோவானேன்' என்பது தமிழ் வழக்கிற் பயின்றுவரும் பழமொழி. செயலின் பழி கருவிக்கு உரியதன்று. கருவியை ஏவியவனுக்கே உரியது என்பது அதன் பொருள். ஆயின், ஏவியவனே கருவியையும் தேர்ந்தவனாயின், அக்கருவியின் தன்மையும் அவன் செயலுள் அடங்குமன்றோ? இலக்கைத் தாக்கியதோடு அவன் பொறுப்பு முடிகின்றதா, அன்றி இலக்குக்கு அப்பாலும் தொடர்கின்றதா? வேட்டைத் துவக்குகளில் ஈயக் குண்டை விலக்க வேண்டும் என்று இன்று உலகின் பல பகுதிகளில் எழுந்துள்ள கருத்து, இப்பழைய வினாவைப் புதிய வடிவில் முன்வைக்கின்றது.

வல்வில் ஓரி எய்த ஓர் அம்பு யானையை வீழ்த்திப் புலியையும் மானையும் பன்றியையும் கடந்து, புற்றிலிருந்த உடும்பிற் சென்று தங்கியது எனப் புறநானூற்றில் வன்பரணர் பாடினார். புலவர் கண்டது வில்லாண்மை. ஈயக் குண்டும் அவ்வாறே இலக்கோடு நில்லாதது. ஆயின் அதன் தொலைவீச்சில் ஆண்மை இல்லை.

ஈயம் மென்மையும் அடர்த்தியும் உடையது, எளிதில் உருகுவது, மலிவானது. இக்குணங்களாலேயே அது பல நூற்றாண்டுகளாகக் குண்டுக்குரிய உலோகமாய் இருந்து வந்தது. மென்மை காரணமாக, விரைந்து செல்லும் றைபிள் குண்டு விலங்கின் உடலிற் பட்டதும் விரிந்து சிதறுகின்றது. கண்ணுக்குப் புலப்படாத துகள்கள் காயத்தைச் சூழ்ந்த இறைச்சியிற் பரவுவதைக் கதிர்ப்படங்கள் காட்டியுள்ளன. கைவிடப்பட்ட குடலையும் கழிவையும் உண்ணும் பறவைகளின் இரைப்பையில் அத்துகள்கள் கரைந்து குருதியிற் கலக்கின்றன. உண்ணும் மனிதருக்கும் இது பொருந்தும். ஈயம் நரம்பு மண்டலத்தைத் தாக்குவது. வளரும் குழந்தைகளுக்கு மிகக் கொடியது. தீங்கற்ற அளவு என ஒன்று அறியப்படவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

1982இல் 22 பறவைகளாகக் குறைந்துபோன கலிபோர்ணியாக் கொண்டோர்க் கழுகின் வரலாறு இதற்குச் சான்று. காப்பிடங்களிற் பெருக்கிக் காட்டில் விடப்பட்ட பின்னரும் அப்பறவைகளின் இறப்புக்கு ஈய நஞ்சே தலையாய காரணமாயிற்று. எனவே கலிபோர்ணியா 2013இற் சட்டமியற்றி, 2019 யூலை 1 முதல் வேட்டையில் ஈயத்தை முற்றாக விலக்கியது. டென்மார்க் 1996இல் ஈயச் சன்னங்களையும் 2024இல் ஈய றைபிள் குண்டுகளையும் தடைசெய்தது.

மாற்றாக வந்தது செம்பு. அது விரியும், ஆனால் பெரும்பாலும் சிதறாது. எனினும் உலோகத்தை மாற்றுவது எளிய செயலன்று. ஈயத்தின் அடர்த்தி 11.34, செம்பினது 8.96. ஆகவே ஒரே எடையும் ஒரே விட்டமும் உடைய செப்புக் குண்டு, ஈயக் குண்டினும் நீண்டதாகும். நீண்ட குண்டு நிலைகுலையாது பறக்கக் குழலினுள் உள்ள தவாளிப்பின் முறுக்கு நெருக்கமாய் இருத்தல் வேண்டும். இன்றேல் எடை குறைந்த குண்டைத் தெரிதல் வேண்டும். தோட்டாவைத் தாமே நிரப்புவோர்க்கு மேலுமொரு கடமை உண்டு. நீண்ட குண்டு தோட்டாவுக்குள் ஆழ இறங்கி வெடிமருந்துக்குரிய இடத்தைக் கவர்வதால் அமுக்கம் உயரும். எனவே ஈயக் குண்டுக்கு வகுத்த மருந்தளவு செம்புக்கு ஆகாது. அக்குண்டுக்கென்றே வெளியிடப்பட்ட அளவைக் குறைந்த எல்லையிலிருந்து தொடங்கிச் சோதித்தல் வேண்டும். வேகம் குறைந்தாற் செப்புக் குண்டு விரியாது ஊடுருவிச் செல்லும். விலங்கு உடனே மாளாது துன்புற்றுச் சாகும். நஞ்சைத் தவிர்க்க விரும்பியவன், பயிற்சியின்மையால் வதையைச் செய்தவனாவான். நன்னோக்கம் மட்டும் அறமாகாது. அந்நோக்கத்தை நிறைவேற்றும் திறனும் அறத்தின் பகுதியே.

இலங்கையின் நிலை வேறு. தோட்டத் துரைமாரின் றைபிள் வேட்டை மறைந்துவிட்டது. 1,400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகச் சொல்லப்படும் மேஜர் றொஜர்ஸ் 1845இல் மின்னல் தாக்கி மாண்டார். 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் வேட்டையை ஒடுக்கியது. இன்று தும்பறைப் பள்ளத்தாக்கில் வேட்டை பொழுதுபோக்கன்று, பயிர்க்காவலே வினா. பல்லேகலவில் கிரிக்கெட் அரங்கும் தொழிற்பேட்டையும் எழுந்துள்ளன. ஆயின் அவற்றுக்கு அப்பால் உள்ள தோட்டங்களில் மரவள்ளியைக் காட்டுப்பன்றி கிளறுகின்றது. அனுமதி பெற்ற உழவரிடம் இருப்பது ஈயச் சன்னம் நிரப்பிய தோட்டா. அனுமதியற்றோரிடம் இருப்பது இடியன் துவக்கும், யாரென்று பாராது சுடும் கட்டுத்துவக்கும். இவ்வெல்லாவற்றின் எச்சமும் மண்ணுக்கும் நரிக்கும் உடும்புக்கும் மகாவலிக்குமே சேர்கின்றது.

கொலையே தீதாயிருக்க, குண்டின் உலோகத்தை ஆராய்வது பொருளற்றது என ஒருவர் மறுக்கலாம். கொல்லாமையைத் தனி அதிகாரமாக வகுத்த மரபில் இம்மறுப்பு வலிமை உடையதே. ஆயினும் முதற் தீமையை ஒழிக்க இயலாமை, அதன் வழித் தோன்றும் ஏனைய தீமைகளுக்கு இசைவாகாது. பன்றியைக் கொல்வதற்குப் பயிரிழப்பை நியாயமாகக் காட்டும் உழவர், உடும்பைக் கொல்வதற்கு எதனைக் காட்டுவார்?

அவர் அறியாது செய்தார் என்பது அடுத்த விடை. மனுநீதிச் சோழன் கதையில் இளவரசனும் கன்றை அறியாமலே கொன்றான். அறியாமை அரசனிடம் விடையாகவில்லை. அத்தண்டனையின் கடுமையை இன்று ஏற்க வேண்டியதில்லை. கருதாது விளைந்த தீங்குக்கும் கணக்குக் கேட்கப்படும் என்னும் உணர்வே கொள்ளத்தக்கது. இந்தியாவில் மாட்டுக்கு இட்ட டைக்ளோஃபெனக் மருந்து பிணந்தின்னிக் கழுகுகளை அழித்ததும் கருதாது விளைந்ததே. காரணம் 2004இல் வெளிப்படும்வரை அது அறியாமை. வெளிப்பட்ட பின் வாளாவிருத்தல் குற்றமாகியிருக்கும். 2006இல் இந்திய அரசு அதன் கால்நடைப் பயன்பாட்டைத் தடைசெய்தது.

எனவே பொறுப்பு அறிவின் வழியே பகிரப்படுவது. தோட்டா அரசின் அனுமதியின்றிப் பெறமுடியாதது. ஆதலால் மாற்றுத் தோட்டாவைக் கிடைக்கச் செய்யும் கடமை அனுமதிப்போருக்கும் உண்டு. அதற்கும் முந்திய கடமை அறிந்தோருடையது. நாட்டின் கால்நடை மருத்துவ பீடம் பேராதனையில் உள்ளது. அதனருகே ஓடும் மகாவலிதான் கண்டியைச் சுற்றிப் பல்லேகலப் பக்கமாகச் செல்கின்றது. ஆறு செல்லும் அத்தூரத்தை அறிவு செல்லாதிருக்குமாயின், நோக வேண்டியது அம்பையன்று. எய்த உழவரை மட்டுமுமன்று.