இடம் மாறிய நிரலின் தன்னடையாளம்

யூனிக்ஸ் இயங்குதளத்துக்கென எழுதப்பட்ட வலைப்பின்னல் மென்பொருள், 1990களின் முற்பகுதியில் விண்டோஸ் 3.1 என்னும் வரைகலைச் சூழலுக்கு மாற்றியமைக்கப்பட்டபோது, அது அதே மென்பொருளாக நீடித்ததா, பழைய பெயரைத் தாங்கிய வேறொன்றாயிற்றா என்னும் வினா, பொருள்களின் தன்னடையாளம் பற்றிய தொன்மையான மெய்யியல் வினாவைச் சேர்ந்ததாகும். பாலி நூலான மிலிந்த பஞ்ஹாவில் பௌத்தத் துறவி நாகசேனர், இரவு முழுதும் எரியும் விளக்கின் சுடரைக் காட்டி, மாறிவரும் பொருள் அதுவேயும் அன்று, முற்றிலும் வேறும் அன்று என விளக்குகிறார். அவ்விளக்கம் இடையறாத தொடர்ச்சியைச் சார்ந்தது. மாற்றியமைப்பிலோ பழைய நிரல் தன் கணினியில் இயங்கிக்கொண்டிருக்கும்போதே புதியது வேறொரு கணினியில் தோன்றுகிறது.

மாற்றமும் மேலோட்டமானதன்று. 1983இல் வெளிவந்த பெர்க்லி யூனிக்ஸ் 4.2, 'சாக்கெட்' எனப்படும் இணைப்பு முனையைக் கோப்பினைப் போலவே படிக்கவும் எழுதவும் இடமளித்தது. தரவு வந்துசேரும்வரை நிரல் உறங்கிக் காத்திருக்க, இயங்குதளம் செயலகத்தைப் பிற நிரல்களுக்கு வழங்கியது. விண்டோஸ் 3.1இன் நிரல்களுக்கிடையே, ஒவ்வொன்றும் தானாக முன்வந்து விட்டுக்கொடுத்தாலன்றி மற்றவை இயங்க இயலாது என்பதால், ஒரு நிரலின் காத்திருப்பு திரை முழுவதையும் உறையச் செய்துவிடும். ஆகவே 1993 ஜனவரியில் வெளியான, விண்டோஸில் சாக்கெட்டுகளைக் கையாள்வதற்கான வின்சாக் 1.1 வரையறை, தரவு வந்ததும் நிரலின் சாளரத்துக்குச் செய்தி அனுப்பும் முறையை வகுத்தது. காத்திருந்த நிரல் அழைக்கப்படும் நிரலாயிற்று. அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி வடிவமே பொருளின் சாரம் என்று கொண்டால், இங்கே சாரமே மாறியது எனல் வேண்டும்.

ஆயினும் மறுமுனையிலுள்ள கணினி இவற்றுள் எதையும் அறியாது. தரவுப் பொட்டலங்கள் பரிமாற்ற விதிகளின் தொகுப்பாகிய நெறிமுறைப்படி வருகின்றனவா என்பது மட்டுமே அதற்குப் பொருட்டு. எனினும் தன்னடையாளத்தை நெறிமுறையில் மட்டும் காண்பது போதாது, ஏனெனில் அவ்வாறாயின் ஒரே நெறிமுறைக்கெனத் தனித்தனியே எழுதப்பட்ட இரு நிரல்களும் ஒன்றெனக் கொள்ள நேரும். மாற்றியமைப்பவர் மூல நிரலின் ஒவ்வொரு வரியையும் படித்து, அது எதன்பொருட்டு அங்கே நின்றது என உய்த்துணர்ந்து, அந்நோக்கத்தைப் புதிய சூழலில் நிறைவேற்றுகிறார். கணினியில் அறுந்த தொடர்ச்சி அவருடைய புரிதலில் அறாமல் நிற்கிறது.

எண்களின் பைட் வரிசை இதற்குத் தக்க சான்று. வலைப்பின்னலில் எண்ணின் உயர்மதிப்புப் பைட்டே முதலில் செல்லவேண்டும் என்பது இணைய நெறிமுறைகளின் விதி. சன் நிறுவனத்தின் ஸ்பார்க் கணினிகள் எண்களை அவ்வரிசையிலேயே நினைவகத்தில் வைத்தமையால், வரிசையை மாற்றித்தரும் கட்டளையை எழுதியவர் மறந்துவிட்டாலும் அங்கே பிழை தோன்றவில்லை. எதிர் வரிசையைக் கையாளும் இன்டெல் செயலகத்துக்கு அந்நிரல் வந்தபோது பிழை வெளிப்பட்டது. விடுபட்ட கட்டளையை மாற்றியமைப்பவர் சேர்த்தபோது, மூலத்தில் இல்லாத வரியைக் கொண்ட புதிய நிரல், மூலத்தை எழுதியவரின் கருத்துக்கு மூலத்தைவிட நெருக்கமாக அமைந்தது.