அஞ்சும் பிள்ளைக்கு யார் துணை?

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகச் செல்லும் சாலை, கோமுகி அணைப் பக்கமாகக் கல்வராயன் மலையில் ஏறி வெள்ளிமலையை அடைகிறது. புளியும் கடுக்காயும் மக்களுக்குக் கைப்பொருள் தரும் மலை அது. அங்கே ஒரு சிறுவன் முதன்முதலாக மரமேறப் பழகுகிறான் என்று வைத்துக்கொள்வோம். கீழே நிற்கும் பெரியவர் அவனிடம், "பயப்படாதே, ஏறு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பாரா? "அந்தக் கிளையில் கால் வைக்காதே, அது காய்ந்தது, இந்தக் கொம்பைப் பிடி" என்றன்றோ சொல்லுவார்! முருங்கைக் கிளைக்கு அஞ்சவும் புளியங்கொம்பை நம்பவும் கற்றுக்கொடுப்பதே மரமேறக் கற்றுக்கொடுப்பதாகும். எதற்கு அஞ்சவேண்டும் என்று அறியாதவன் நெடுநாள் மரமேற மாட்டான்.

மலையடிவாரத்தில் விளங்கும் இந்த எளிய உண்மை, சமவெளியின் விளையாட்டுத் திடல்களில் நமக்கு ஏனோ மறந்துபோகிறது. 2019ஆம் ஆண்டு வரை கள்ளக்குறிச்சி விழுப்புரம் மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தது. அந்த விழுப்புரமோ தமிழகத்தில் மல்லர் கம்பத்துக்குப் பெயர்பெற்ற ஊர். ஆமணக்கெண்ணெய் பூசிய வழவழப்பான கம்பத்தில் சிறுவரும் சிறுமியரும் ஏறித் தலைகீழாய்த் தொங்கிக் காட்டும் வித்தைகளைக் கண்டு நாம் கைதட்டியிருக்கிறோம். ஜிம்னாஸ்டிக்ஸ் எனப்படும் உடல் வித்தையும் இதற்கு உடன்பிறப்பே. கைதட்டும் நாம், அந்தப் பிள்ளைகளின் அச்சத்தைப்பற்றி எப்போதேனும் எண்ணியதுண்டா?

பத்து வயதுச் சிறுமி ஒருத்தியை மனக்கண்முன் நிறுத்துவோம். பின்னோக்கித் தாவிக் காற்றில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி நிற்கும் கரணத்தை அவள் மாதக்கணக்கில் செய்து வந்திருக்கிறாள். ஒருநாள் கைகளை உயர்த்தி நிற்கிறாள், தாவவில்லை. மீண்டும் நிற்கிறாள், மீண்டும் கைகள் தாழ்கின்றன. அடிபட்டதில்லை, நோயுமில்லை. நேற்றுவரை தெரிந்த வித்தை இன்று அவளிடம் இல்லை. அடுத்த மாதம் போட்டி. திடலோரத்தில் தந்தை காத்திருக்கிறார். இப்போது அவளுக்கு நாம் செய்யவேண்டியது என்ன? அதட்டுவதா, பரிசு காட்டி ஆசையூட்டுவதா, அல்லது "வேண்டாம், வீட்டுக்கு வா" என்று அழைத்துச் செல்வதா?

அறிவுரை கூறுமுன் அந்தக் கரணத்தின் இயல்பைச் சற்று நோக்குவோம். முன்னோக்கி ஓடுகிறவனுக்குத் தரை தெரியும். பின்னோக்கித் தாவுகிறவளுக்கோ, தாவும் கணத்தில் தான் இறங்கப்போகும் இடம் தெரியாது. உடல் முழுவதும் ஒரே முடிவாக எழுந்து, ஒரே வேகத்தில் சுழலவேண்டும். நடுவானில் மனம் தயங்கினால் சுருண்ட உடல் விரியும், சுழற்சி குறையும், காலில் இறங்கவேண்டியவள் தலையிலோ கழுத்திலோ விழுவாள். 'கரணம் தப்பினால் மரணம்' என்று நம் முன்னோர் சொன்னது அணிநயத்துக்காக மட்டும் அன்று. ஆக, இந்த வித்தையில் பாதிச் சம்மதம் என்பது கிடையாது. அதட்டலுக்குப் பணிந்து கால்கள் தாவிவிடலாம். ஆனால் அதட்டல் கால்களைத்தான் அசைக்கும், மனத்தை அசைக்காது. மனம் தரையில் நிற்க, உடல் மட்டும் வானில் எழும்புமானால் அதுவே பேராபத்து.

இது வெறும் கற்பனையன்று. எலேனா முகினா என்னும் சோவியத் வீராங்கனை 1978இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் உலகச் சாம்பியன் பட்டம் வென்றவர். 1979இல் அவருடைய கால் முறிந்தது. முற்றும் குணமாகுமுன்பே கடும்பயிற்சிக்குத் திரும்பவேண்டியதாயிற்று. அவரைப் பழகச் சொன்னதோ, கால்களில் இறங்காமல் உருண்டு முடிக்கவேண்டிய மிகக் கடினமான ஒரு கரணம். இதில் என் கழுத்து முறிந்துவிடும் என்று தாம் சொன்னதையும், அது பொருட்படுத்தப்படாததையும் அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். 1980 ஜூலை 3ஆம் நாள், மாஸ்கோ ஒலிம்பிக்குக்கு இரண்டு வாரமே இருக்கையில், மின்ஸ்க் நகரில் பயிற்சியின்போது அவர் விழுந்தார், கழுத்து முறிந்தது. அப்போது அவருக்கு வயது 20. 2006இல் இறக்கும்வரை 26 ஆண்டுகள் உடல் செயலற்றுக் கிடந்தார். அந்தக் கரணம் பின்னர் பெண்கள் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டது.

விழுந்து கிடந்தபோது அவர் மனத்தில் முதலில் எழுந்த எண்ணம் என்ன தெரியுமா? இனி ஒலிம்பிக்குக்குப் போகவேண்டியதில்லை என்ற நிம்மதி! 'முடியாது' என்று வாயால் சொல்ல வழியில்லாதவருக்கு, முறிந்த கழுத்துதான் அதைச் சொல்லிற்று. இதைவிடக் கொடிய குற்றச்சாட்டு, பிள்ளைகளைப் பழக்கும் பெரியவர்களாகிய நம்மீது வேறென்ன இருக்க இயலும்?

அச்சம் எப்போதும் கோழைத்தனமன்று. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாதிருப்பது பேதைமை என்பது வள்ளுவர் கருத்து. அக்கருத்தை அவர் வைத்த இடமும் எண்ணத்தக்கது. அது அறிவுடைமை என்னும் அதிகாரத்தில் வருகிறது. அறிவின் ஒரு கூறாகவே அச்சத்தை அவர் கண்டார். புனித தோமா அக்குவினாவும் மனத்திடம் என்னும் நற்பண்பை ஆராயும்போது, எதற்குமே அஞ்சாத தன்மையைக் குறையென்றே வகுக்கிறார். அதுமட்டுமன்று, மனத்திடத்தின் தலையாய செயல் பாய்ந்து தாக்குவது அன்று, தாங்கி நிற்பதே என்கிறார் அவர். கைகளை உயர்த்தியபடி தாவாமல் நிற்கும் அச்சிறுமியைக் கோழை என்று எண்ணுகிறோம். அத்தனை கண்களுக்கு முன் தாவாமல் நிற்பதற்கும் ஒரு திடம் வேண்டும் அல்லவா?

அமெரிக்க வீராங்கனை சிமோன் பைல்ஸ் இதை உலகறியச் செய்தார். கொரோனாவால் ஓராண்டு தள்ளிப்போய் 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், குழுப் போட்டியின் முதல் தாவலிலேயே, காற்றில் தம் உடல் எங்கே இருக்கிறது என்ற உணர்வு தமக்குத் தப்பியதை அவர் கண்டார். இரண்டரைத் திருகல் செய்யவேண்டியவர் ஒன்றரையோடு இறங்கினார். உடனே போட்டியிலிருந்து விலகினார். பழித்தவர் பலர். ஒரு வாரம் கழித்து, பேலன்ஸ் பீம் எனப்படும் குறுகிய சட்டத்தின் மேல் நடக்கும் போட்டிக்குத் திரும்பி, இறங்கும் தாவலைத் திருகல் இல்லாததாக மாற்றிக்கொண்டு வெண்கலம் வென்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் பெற்றார். ஆனால் இந்தப் பதக்கங்களால்தான் அவருடைய மறுப்பு நியாயமாயிற்று என்று நாம் கருதிவிடலாகாது. அவர் திரும்பி வராமலே போயிருந்தாலும் அன்றைய மறுப்பு சரியானதே.

இங்கே ஒரு மறுப்பு எழும். "அஞ்சும் பிள்ளையை எல்லாம் அப்படியே விட்டுவிட்டால், உலகில் யார்தான் எதைக் கற்பார்?" நியாயமான கேள்வி. பிள்ளையைத் தள்ளிவிடுவது எவ்வாறு தவறோ, அவளை அச்சத்தோடு தனியே விட்டுவிடுவதும் அவ்வாறே தவறு. அகர்தலாவைச் சேர்ந்த தீபா கர்மாகரை நினைவுகூர்வோம். உலகில் வெகு சிலரே துணிந்த புரொடுனோவா என்னும் தாவலை அவர் செய்தார். கைகளால் மேசையை உந்தி, முன்னோக்கி இருமுறை சுழன்று இறங்கவேண்டிய அத்தாவலால் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் வெண்கலம் பெற்றார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 15.066 புள்ளிகளுடன் நான்காம் இடம் அடைந்தார், பதக்கம் 0.150 புள்ளியில் தவறிற்று. அவ்வளவு ஆபத்தான தாவல், பயிற்சியாளர் பிஸ்வேஸ்வர் நந்தியின் ஆண்டுக்கணக்கான உழைப்போடு இணைந்து வந்ததேயன்றி, ஒருநாள் அதட்டலில் வந்ததன்று.

அந்த உழைப்பின் வழி எளியது. ஆனால் பொறுமையை விலையாகக் கேட்பது. இழந்த வித்தையை மீட்க ஒரு படி கீழே இறங்கவேண்டும். தரையில் அஞ்சுகிறவள் நுரைப்பஞ்சுக் குழியிலோ குவித்த மணலிலோ தொடங்கட்டும். அதற்கும் அஞ்சினால், பின்னோக்கி உருளுவதிலிருந்து தொடங்கட்டும். இன்று எத்தனை முறை என்பதை முன்கூட்டியே அவளோடு பேசி முடிவுசெய்ய வேண்டும். நன்றாகச் செய்துவிட்டாள் என்பதற்காக "இன்னும் ஒன்று" என்று கேட்கலாகாது. ஆசிரியரின் கை முதலில் முதுகைத் தாங்கும். பின்பு தொட்டும் தொடாமலும் இருக்கும். பிறகு அருகில் நிற்கும். எப்போது விலகவேண்டும் என்பதை அந்தக் கை தானே முடிவுசெய்யலாகாது. "இனி வேண்டாம், ஐயா" என்று பிள்ளை சொல்லவேண்டும்.

இவ்விடத்தில் நல்லவர்களும் தவறும் ஒரு சோதனை உண்டு. "பிடித்துக்கொள்கிறேன், தாவு" என்று சொல்லிவிட்டு, அவள் நன்மைக்காகவே கையை எடுத்துவிடுவது! தானாகச் செய்துவிட்டதை அறிந்து அவள் மகிழ்வாள் என்று எண்ணுகிறோம். ஒருவேளை மகிழவும் செய்வாள். ஆனால் அன்றுமுதல் 'பிடித்துக்கொள்கிறேன்' என்ற சொல்லுக்கு அவளிடம் மதிப்பிராது. நன்மைக்காகக்கூடப் பொய் கூறலாகாது என்று புனித அகுஸ்தீன் உறுதியாக நின்றதை மிகைப்பட்ட கண்டிப்பு என்று கருதுவோர் உண்டு. கண்ணுக்குத் தெரியாத இடத்தை நோக்கித் தாவும் பிள்ளைக்கு, நம் சொல் ஒன்றே தரை என்பதை எண்ணினால் அந்தக் கண்டிப்பின் பொருள் விளங்கும்.

இனி, திடலோரத்தில் நிற்கும் தந்தையிடம் வருவோம். கழைக்கூத்தாடியின் குழந்தை கயிற்றில் நடக்க, தந்தை கீழே மேளம் தட்டும் காட்சியை நம் தெருக்களில் கண்டு மனம் பதறியிருக்கிறோம். அந்தக் குழந்தையைக் கயிற்றில் ஏற்றியது வறுமை. நம் பிள்ளைகளை ஏற்றுவது எது? எளிதில் பழித்துவிடக் கூடாது. மலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கும், கூலி வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளைக்கும் ஒரு போட்டிச் சான்றிதழ் என்பது வெறும் தாளன்று. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு கல்லூரி இடம், ஒரு வேலை என்று அது திறக்கும் கதவுகள் உண்டு. தந்தையின் ஆசையும் அன்பின் ஒரு வடிவமே. ஆயினும் அவர் தம்மைத் தாமே ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும்: இங்கே உண்மையில் அஞ்சிக்கொண்டிருப்பது யார்? மகள் விழுந்துவிடுவாளோ என்று அஞ்சுகிறாரா, தம் கனவு விழுந்துவிடுமோ என்று அஞ்சுகிறாரா? பெரியவர்கள் தம் அச்சத்தைத் தாங்களே சுமக்க மறுக்கும்போது, அது பிள்ளைகளின் தோளில் ஏறிக்கொள்கிறது. இரண்டு அச்சங்களைச் சுமந்துகொண்டு எந்தக் குழந்தையும் கரணம் போட இயலாது.

கெத்சமனித் தோட்டத்து இரவில் நம் ஆண்டவரும் கலங்கினார் என்பதை நற்செய்தியாளர்கள் மறைக்கவில்லை. அப்போது அவர் சீடர்களிடம் வேண்டியது ஆறுதல் மொழியன்று, அறிவுரையுமன்று. தம்மோடு விழித்திருப்பதை மட்டுமே. அவர்களோ உறங்கிவிட்டார்கள். அச்சத்தில் இருப்பவர் அருகே, அவசரப்படுத்தாமலும் உறங்கிவிடாமலும் இருப்பது எத்துணை அரிய செயல் என்பதற்கு அந்த இரவே சான்று.

ஆகவே, 'முடியாது' என்று சொல்லும் உரிமையைப் பிள்ளைக்குக் கொடுப்பது துணிவைக் குலைப்பதாகாது. துணிவு பிறப்பதற்கு அதுவே நிலம். மறுக்க இயலாதவளின் 'சரி' என்ற சொல்லில் பாதி மனமே இருக்கும். பாதி மனத்தோடு பின்னோக்கித் தாவ இயலாது. மறுத்தாலும் இல்லத்தில் தன் இடம் மாறாது, தந்தையின் முகம் வாடாது, ஆசிரியரின் அன்பு குறையாது என்று உறுதியாக அறிந்தவளே ஒருநாள் முழு மனத்தோடு 'சரி' என்பாள். அல்லது, முழு மனத்தோடு 'இது எனக்கு வேண்டாம்' என்பாள். இரண்டுமே அவளுடைய துணிவுதான். இரண்டாவது விடையைத் தாங்கிக்கொள்ள ஆயத்தமில்லாதவர் முதல் விடையைக் கேட்கத் தகுதியற்றவர்.

மாலை மங்குகிறது. கல்வராயன் மலைக்குப் பின்னே கதிரவன் இறங்குகிறான். அந்தச் சிறுமி இன்னும் தாவவில்லை. தந்தை எழுந்து சென்று, அவள் காலணிகளை எடுத்துக் கையில் கொடுக்கிறார். "பசிக்கிறதா, அம்மா? வா, வீட்டுக்குப் போகலாம். நாளைக்கு வேண்டுமானால் வரலாம்" என்கிறார். வழியில் அந்தக் கரணத்தைப்பற்றி அவர் ஒரு சொல்லும் கேட்கவில்லை. அன்று அவளுக்குக் கிடைத்த பயிற்சியில் அதுவே சிறந்த பயிற்சி என்போம் நாம்.