வியாபகமும் சாந்நித்தியமும்

இறைவன் எங்கும் நிறைந்தவனாயின் அவனைக் காண்பதற்கு ஒரு தலத்தை நாடிச் செல்வானேன் என்ற வினா சமயத்தைப் போலவே பழமையானது. ஆயினும், ஆனி மாத மகோற்சவத்தில் நயினாதீவு நாகபூஷணி அம்மன் தேரேறி வீதிவலம் வருவதை, ரொறன்ரோ நகரத்து மாடிக் குடியிருப்பொன்றில் அமர்ந்தபடியே, உள்ளங்கையில் அடங்கும் கண்ணாடியில், அந்தக் கணத்திலேயே கண்டு கைகூப்பக்கூடிய இக்காலத்தில் அவ்வினா புதியதொரு கூர்மையைப் பெற்றுவிட்டது. முன்பு அது தருக்கம் பயின்றோர் எழுப்பிய வினா. இன்றோ, விடுப்புக் கிடைக்காத மகனும் முழங்கால் நோவினால் படகேற இயலாத தாயும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளும் வினா. அவ்வாறு கண்டது தரிசனமா, வெறும் காட்சியா?

இதனை ஆராய்வதற்கு நயினாதீவை உள்ளிட்ட யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியைவிடப் பொருத்தமான இடம் அரிது. தூரமும் செய்தியும் அங்கே எக்காலத்தும் வாழ்வின் ஆதாரப் பிரச்சினைகளாக இருந்திருக்கின்றன. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதி வழியே வேலணைக்கும், அங்கிருந்து வாணர் தாம்போதி வழியே புங்குடுதீவுக்கும் சென்று, குறிகட்டுவான் துறையில் படகேறினால், நயினாதீவு சிறிது நேரத்தில் வந்துவிடும். நெடுந்தீவுக்கோ ஏறக்குறைய ஒரு மணி நேரம் கடலிற் செல்ல வேண்டும், சோழகக் காற்று எழுந்தால் அதுவும் நிச்சயமன்று. நெடுந்தீவில் இன்றும் நிற்கும் ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடு, செய்தி சுமக்கும் பறவைகளை வளர்த்த இடமென்று சொல்லப்படுகிறது. அதற்கும் பல நூற்றாண்டுகள் முந்தி, பராக்கிரமபாகு மன்னன் நயினாதீவிற் பொறிப்பித்த தமிழ்ச் சாசனம், ஊராத்துறைக்கு வரும் பரதேசிகள் காக்கப்பட வேண்டுமென்றும், யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் நாலிலொரு பங்கையும், வாணிகச் சரக்கேற்றியது உடைந்தால் சரிபாதியையும் மட்டுமே பண்டாரம் கொள்ளுமென்றும், எஞ்சியது உடையவனுக்கே உரியதென்றும் விதித்தது. அந்த ஊராத்துறையே இன்றைய ஊர்காவற்றுறை. கடல் கடந்து வருகின்றவனுக்கு இக்கரையிலே யார் பொறுப்பாளி என்பதுதான் அக்கல்லெழுத்தின் உட்கிடை.

மின்சாரம் செய்தியைச் சுமக்கத் தொடங்கிய பின்னும் அந்தப் பொறுப்பு நெடுங்காலம் மனிதரிடமே இருந்தது. 1858இல் கொழும்புக்கும் காலிக்கும் இடையே தந்திக் கம்பி ஓடியதோடு இலங்கையில் ஆரம்பித்த அந்தச் சகாப்தத்தில், தந்திச் சேவகன் வாசலில் மிதிவண்டியை நிறுத்தினாலே வீட்டார் கலங்கினர். தூர அழைப்புக்குப் பதிவு செய்தவர் தபாற் கந்தோரிற் காத்திருந்தார். பரிவர்த்தனை நிலையத்துப் பலகையின்முன் அமர்ந்திருந்த ஒருவர் கையால் இணைத்தாலன்றி இரு குரல்கள் சந்திக்க இயலாதிருந்தது. அந்த இடையாள் ஒரு சாட்சி. சில வேளை பாரபட்சம் உடைய சாட்சியுங்கூட. அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் ஈமக்கிரியைத் தொழில் நடத்திய அல்மன் ஸ்ட்ரோஜர், தமக்கு வரவேண்டிய அழைப்புகளைப் பரிவர்த்தனை நிலையத்தார் போட்டியாளருக்குத் திருப்பிவிடுகின்றனர் என்று ஐயுற்றே மனிதர் வேண்டாத பொறியை ஆக்க முனைந்தார் என்பது பலரும் கூறும் கதை. 1891இல் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றமை வரலாறு. இடையாள் நீங்கினார், அவருடைய பாரபட்சம் நீங்கியது, இரு முனைகளையும் அறிந்து நின்ற அவருடைய பொறுப்பும் உடன் நீங்கியது.

தீவுகளின் கதை இதனினும் கடுமையானது. 1990இல் மீண்டும் மூண்ட போர் அத்தீவுகளின் மக்களிற் பெரும்பாலோரைப் பெயர்த்தது. அவர்கள் கொழும்புக்கும் பாரிசுக்கும் இலண்டனுக்கும் கனடாவுக்குமாகச் சிதற, கடல் கடந்த பிள்ளையின் குரலை ஐந்து நிமிடம் கேட்பதற்காக யாழ்ப்பாணத்தார் வவுனியாவுக்கும் கொழும்புக்கும் பிரயாணம் செய்த வருடங்கள் உண்டு. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின்னர் கைப்பேசி பரவிற்று. 2005இல் சிங்கப்பூரிலிருந்து இலங்கையைத் தொட்டுப் பிரான்சின் மார்செய் வரை நீளும் ஆழ்கடல் வடமொன்று இயங்கத் தொடங்கியது. அதன் கண்ணாடி இழையினூடே ஒளி வினாடிக்குச் சுமார் இரண்டு இலட்சம் கிலோமீற்றர் வேகத்தில் விரைகிறது. இன்று தீவுகளிலும் அலைக்கோபுரங்கள் நிற்கின்றன. 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் சேவையும் இலங்கையில் ஆரம்பமாகி, சுமார் 550 கிலோமீற்றர் உயரத்திற் சுழலும் செய்மதிகளிலிருந்து அகலப்பட்டை இணையம் இறங்குகிறது. சப்தத்தை ஆகாசத்தின் குணமென்று வகுத்த பழைய தருக்க நூலார் இதனைக் கண்டிருந்தால் தம் கொள்கைக்கு எதிர்பாராத திசையிலிருந்து ஆதரவு கிடைத்ததென்று மகிழ்ந்திருப்பர்.

இனி வினாவுக்கு வருவோம். எங்குமிருத்தலாகிய வியாபகம் வேறு, எதிர்நின்று அருளலாகிய சாந்நித்தியம் வேறு என்பதைச் சைவ சித்தாந்தம் தெளிவாக வகுத்திருக்கிறது. மெய்கண்டாரின் சிவஞானபோதம் தன் பன்னிரண்டாம் சூத்திரத்தில், மலம் நீங்கிய அன்பர் வேடத்தையும் ஆலயத்தையும் அரனெனவே தொழுக என்று விதிக்கிறது. அவன் பிற இடங்களிற் பாலின் நெய்போல மறைந்தும், இவ்விரண்டிடத்தும் தயிரின் நெய்போல விளங்கியும் நிற்றலே அதற்குக் காரணம் என்பது அந்நூலின் விளக்கம். ஆகவே, கண்ணாடித் திரையில் அவன் இல்லை என்று சொல்ல நமக்கு அதிகாரமில்லை. வியாபகத்துக்கு விலக்கான வெளி எதுவுமில்லை. சாந்நித்தியம் அங்கே வாய்க்கிறதா என்பதே கேள்வி.

வாய்க்கும் என்பார்க்குப் பெரியபுராணத்திலேயே சான்று உண்டு. திருநின்றவூர்ப் பூசலார், பொருளின்மையால் மனத்தினுள்ளேயே கல்லும் மரமும் தேடிக் கோயில் எழுப்ப, அதனிற் புகும் நாளை முன்னிட்டு, காஞ்சியிலே கற்றளி எடுத்த பல்லவ மன்னனின் பிரதிஷ்டையை இறைவன் ஒத்திவைக்கச் சொன்னார். திருப்புன்கூரிலே தூரத்தே நிறுத்தப்பட்ட நந்தனாருக்காக நந்தியே விலகிற்று. உள்ளே புகவிடாத தூரத்தை விதித்தது இறைவனன்று, மனிதர். 1968இல் மாவிட்டபுரத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினரின் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட்டம் நிகழ வேண்டியிருந்த யாழ்ப்பாணத்தில், பார்ப்பவன் எக்குலத்தான் என்று கேளாத ஒரு திரையை இகழ்வதற்குச் சைவர் சற்றுத் தயங்கவே வேண்டும். பூசலாருக்கு வாய்த்தது நமக்கு வாய்க்காதெனின், குறை கருவியிடத்தன்று, சித்தத்திடத்து: அவர் ஒவ்வொரு கல்லையும் தாமே நினைந்து அடுக்கினார், நமக்கோ எல்லாம் அடுக்கித் தரப்படுகின்றன, அடுத்த கணமே வேறொன்று அழைக்கிறது. ஆயினும் ஒருமை கைகூடிய ஒருவருக்குத் திரையும் வாயிலாகலாம் என்பதை மறுப்பதற்கில்லை.

அப்படியாயின் இழப்பு யாதொன்றும் இல்லையா? உண்டு, அது இறைவன் பக்கத்திலன்று, அடியார் பக்கத்தில். சூத்திரம் ஆலயத்தை மாத்திரம் சொல்லி நிறுத்தவில்லை. அன்பரொடு கூடுக என்றும் விதித்தது. படகிலே தள்ளாடும் முதியவளுக்குக் கை கொடுத்தவன், வடம் பிடித்தபோது தோளோடு தோள் உரசியவன், அன்னதான மண்டபத்திலே அருகிருந்து உண்ட அறியாதவன், இவர்களை அகலப்பட்டை கொண்டுவருவதில்லை. நாதஸ்வரம் வரும், அலங்காரம் வரும், தீபாராதனை வரும்; தீர்த்தமும் சோறும் வரமாட்டா.

சோறு என்றதும் மணிமேகலையை நினையாதிருக்க முடியாது. அக்காவியத்து மணிபல்லவம் நயினாதீவே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் துணிபு, அதில் வரும் அட்சய பாத்திரமாகிய அமுதசுரபியின் பெயராலேயே அங்கு அன்னதானம் நடந்து வருகிறது. அந்தப் பாத்திரத்துக்கு மணிமேகலைக்கு முன் உடையவனாக இருந்த ஆபுத்திரன், சாவக நாட்டுக்குச் செல்லும் வழியில் மணிபல்லவத்தில் இறங்க, மரக்கலம் அவனை விட்டுவிட்டுப் போய்விட்டது. எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம் கையில் இருந்தும் ஏற்பார் ஒருவரும் இல்லாத தீவில் அவன் தன்னை மட்டும் ஊட்டிக்கொள்ள மனமின்றி, அதனைக் கோமுகிப் பொய்கையில் இட்டு, உண்ணாது உயிர் நீத்தான். குறைவின்மை மாத்திரம் வளமாகாது, கொள்ளும் கையும் கொடுக்கும் கையும் எதிர்ப்படும்போதே அது வளம் என்பதற்கு இதனினும் தெளிவான உபதேசம் வேண்டுமா?

இன்றைய தீவுகள் இவ்வுபதேசத்தின் அருகிலேயே நிற்கின்றன. புலம்பெயர்ந்தோரின் திரவியத்தால் கோபுரங்கள் புதுவர்ணம் பூண்டு ஒளிர, அவற்றைச் சூழ்ந்த வளவுகளில் கூரை இழந்த வீடுகளும் ஆளற்ற கிணறுகளும் கிடக்கின்றன. திருவிழா முடிந்ததும் வந்தவர் திரும்ப, இருப்பவர் பெரும்பாலும் முதியோர். அலைவரிசை அகன்று கொண்டே போகும் அதே வேளையில் அதனை ஏற்போர் குறைவாரானால், ஆபுத்திரன் கையிலிருந்த பாத்திரமே நம் கையிலும் இருக்கிறது.

பரிவர்த்தனைப் பலகையின்முன் இருந்தவர் போய்விட்டமையால், இணைக்கும் பொறுப்பு இப்போது இரு முனைகளிலும் இருப்போரிடமே வந்து சேர்ந்துள்ளது. ரொறன்ரோவில் தேரைக் கண்டு தொழுதவர், அந்த வீதியிலே தேரின் பின் நடந்து வந்த, நடக்கவியலாது வாசலில் நின்று பார்த்த, ஊரவர் ஒருவரை அழைத்து, மருந்து வாங்கக் கடல் கடந்து போகப் படகு கிடைத்ததா, கிணற்று நீர் உவர்த்துப் போயிற்றா என்று கேட்டு, ஆவன செய்வாராயின், சூத்திரத்தின் இரண்டு விதிகளையும் அவர் நிறைவேற்றியவராவார். கோபுரத்துக்கு அனுப்பும் பணத்தில் ஒரு பகுதி அக்கிணற்றுக்குப் போவதும் ஆலய கைங்கரியமே. அவர் கண்டது தரிசனமா, காட்சியா என்பது, அதன் பின் அவர் யாரை அழைத்தார் என்பதனாலேயே தீரும்.