கீரை ஆயும் நேரம்

கீரை வேக ஐந்து நிமிடம் போதும். ஆய்வதற்குத்தான் அரை மணி ஆகிறது. அவசரச் சமையல் சொல்லித் தருகிறவர்கள் அடுப்பு எரியும் நேரத்தை மட்டும் கணக்கில் சேர்த்துக்கொண்டு இந்த அரை மணியை விட்டுவிடுகிறார்கள். சென்னை அம்பத்தூர் எஸ்டேட்டில் முதல் ஷிஃப்டுக்குக் கிளம்புகிற வீட்டில் காலையில் அது எங்கே கிடைக்கும்? அதனால்தான் அயனம்பாக்கத்துத் தெருக்களில் கீரை வண்டி வந்தாலும் பல வீடுகளில் உருளைக்கிழங்கு வறுவலே ஜெயிக்கிறது.

*

நான் கீரையை முந்தின நாள் சாயங்காலமே ஆய்ந்து வைத்துவிடுகிறேன். கழுவுவதில்லை. ஈரத்தோடு வைத்தால் காலையில் அழுகல் வாடை வரும். பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாளும் நிமிர்ந்து நிற்கும்.

ஆயும்போது டிவி பார்க்க முடியாது. முளைக்கீரைக்கு நடுவே கோரைப்புல் ஒளிந்திருக்கும். ஐப்பசி மழையில் சின்ன நத்தையும் இருக்கும். மஞ்சள் இலையைத் தள்ள வேண்டும். ஓட்டை விழுந்த இலையைத் தள்ள வேண்டியதில்லை, பூச்சி தின்றது நமக்கும் ஆகும். தண்டை விரலால் ஒடித்தால் பட்டென்று முறிய வேண்டும். நார் இழுத்தால் சாம்பாருக்கு. கொஞ்ச நேரத்தில் கண் வேறு எங்கோ இருக்க, விரலே பார்த்துக்கொள்ள ஆரம்பிக்கிறது. மனசில் ஓடிக்கொண்டிருந்த ஆபீஸ் சண்டை எப்போது நின்றது என்று தெரிவதில்லை. இதைத் தியானம் என்று பெரிதாகச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் கண்ணை மூடி உட்கார்ந்து எனக்கு இது வாய்த்ததில்லை.

ராத்திரியில் கீரை ஆகாது என்று பெரியவர்கள் சொன்னதற்கு மங்கிய விளக்கில் புழு தெரியாது என்பதே காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

*

கீரைக்காரம்மா சொன்னது: “அரைக்கீரைக்கு வேர் இருந்தா வாங்காத கண்ணு. அத்த அறுத்து அறுத்துத்தான் எடுப்பாங்க. வேரோட புடுங்கறது முளைக்கீரையும் சிறுகீரையும்.”

விதைத்த மூன்று நான்கு வாரத்தில் முளைக்கீரை பிடுங்கத் தயாராகிவிடும். அரைக்கீரை வெட்ட வெட்டத் துளிர்க்கும். மாடியில் பழைய தொட்டி ஒன்று இருந்தால் அரைக்கீரை போடுங்கள் என்று நான் சொல்வதும் அதனால்தான்.

ஏரிக்கரையோரம் பொன்னாங்கண்ணியும் வள்ளைக்கீரையும் சும்மாவே முளைக்கிறதே, பறித்துக்கொள்ளலாமே என்று கேட்கிறார்கள். இரண்டும் ஈரம் கண்ட இடத்தில் படரும் நல்ல கீரைகள்தான். ஆனால் சாக்கடை கலக்கிற நீரில் வளர்ந்த கீரை அந்த நீரில் இருக்கும் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களையும் உறிஞ்சிக்கொள்ளும்; கழுவினால் போகாது. புறநகர் ஏரியோரத்தில் நான் கை வைப்பதில்லை.

*

வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை என்று தெரிந்தபின் தட்டைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. இது ஒரு வீட்டுக் கதையும் இல்லை. 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் (ICMR-INDIAB) ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. அந்த ஆய்வை நடத்தியது நம் சென்னையின் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன்தான். நாம் சாப்பிடுவதில் பெரும்பங்கு மாவுச்சத்து என்பதையும் அதே குழு தொடர்ந்து சொல்லிவருகிறது.

100 கிராம் சோற்றில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து. அதே எடை முளைக்கீரையில் 4 கிராம்தான் இருக்கும், அதிலும் ஒரு பங்கு நார். கீரையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் என்பதால்தான் மலை போலக் குவிந்த கட்டு வாணலியில் ஒரு கைப்பிடியாகச் சுருங்குகிறது.

ஆனால் நாம் கீரையை எப்படிச் செய்கிறோம்? பருப்பு போட்டுக் கடைந்து, சோற்றில் ஊற்றிப் பிசைந்து. துவரம்பருப்பிலும் பாதிக்கு மேல் மாவுச்சத்துதான். பருப்பு கெட்டது என்று நான் சொல்லவில்லை, அதில் புரதமும் உண்டு. ஆனால் பருப்பைக் கொட்டிக் கடைந்துவிட்டு, “இன்னிக்கு வெறும் கீரைதான் சாப்பிட்டேன்” என்று டாக்டரிடம் சொல்வது பொய்.

*

பருப்பில்லாத துவட்டல். இரும்பு வாணலியில் நல்லெண்ணெய் இரண்டு ஸ்பூன். கடுகு வெடித்ததும் காய்ந்த மிளகாய், தட்டிய பூண்டு, சின்ன வெங்காயம். வெங்காயம் நிறம் மாறுவதற்குள் கீரை. மூடக் கூடாது. மூடினால் இலையிலிருந்து ஆவியாகிற புளிப்பு திரும்ப உள்ளேயே சொட்டி, பச்சையைப் பாசி நிறமாக்கிவிடும். உப்பைக் கீரை சுருங்கிய பிறகு போட வேண்டும். குவியலைப் பார்த்துப் போட்டால் வாயில் வைக்க முடியாது. இறக்கி, சூடு தணிந்ததும் எலுமிச்சை பிழிந்தால் கீரையின் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். எண்ணெயைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு: கீரையின் பீட்டா கரோட்டினை உடம்பு எடுத்துக்கொள்ளக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும்.

இதைவிடச் சீக்கிரம் ஆவது யாழ்ப்பாணத்து வறை. இலையை நூல் நூலாக அரிய வேண்டும், சூட்சுமமே அதுதான். பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், மஞ்சள், தேங்காய்த் துருவல் சேர்த்து அடுப்பில் ஒரு புரட்டு. முருங்கையிலைக்கு இது அவ்வளவு பொருத்தம். 100 கிராம் முருங்கைக்கீரையில் 6 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது, கீரைகளில் அது அதிகம். ஒரு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறினால் அதுவே ஒரு வேளைக்குப் பாதி.

*

சூப்பர்மார்க்கெட்டில் பாக்சோய் என்கிற சீனக் கீரை வந்திருக்கிறது, பிளாஸ்டிக் உறையில், குளிர்பெட்டியில். மலேசியாவில் நம்மவர்கள் இந்த வகைக் கீரைகளைப் பூண்டோடு பெரிய தீயில் ஒரு நிமிடம் வதக்கி இறக்குவார்கள். நம் வள்ளைக்கீரையே அங்கே காங்குங். அந்தப் பெரிய தீயும் ஒரு நிமிடமும்தான் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது. பாக்சோயை வாங்கத்தான் வேண்டும் என்றில்லை. தண்டுக்கீரையின் தண்டை முதலில் போட்டு, அது முக்கால் பதம் வெந்ததும் இலையைப் போட்டு அதே மாதிரி செய்து பார்த்தேன். கடித்தால் தண்டு நறுக்கென்கிறது. விலையும் கால் பங்கு இருக்காது.

*

இலையில் பரிமாறும் வழக்கத்தில் பொரியலுக்கு ஓர் ஓரம்தான், சோற்றுக்குத்தான் நடு. ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறி, அதில் 100 கிராம் கீரை என்று இருக்கிறது. நம் வீட்டு ஒரு கரண்டிப் பொரியலில் அது வரவே வராது. நடுவில் கீரையை வைத்து ஓரத்தில் சோற்றை வைத்த முதல் நாள் வீட்டில் சிரித்தார்கள். இப்போது கீரையைத் தனியாக முதலில் தின்றுவிட்டு அப்புறம் சோற்றில் கை வைக்கிறோம். 2015-இல் நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவர்கள் ஒரு சின்னக் குழுவிடம் சோதித்தார்கள்: காயையும் புரதத்தையும் முதலிலும் மாவுச்சத்தைக் கடைசியிலும் சாப்பிட்டபோது, அதே சாப்பாட்டுக்குப் பின் ரத்தச் சர்க்கரை குறைவாகவே ஏறியது. பதினோரு பேர்தான், அதை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் வரிசையை மாற்றக் காசு செலவில்லை.

இரண்டு வகையினர் மட்டும் கவனிக்க வேண்டும். சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு ஆக்சலேட் அதிகமுள்ள பாலக், முளைக்கீரை வகைகள் தினமும் வேண்டாம். சாப்பிடுகிற நாளில் வேகவைத்து நீரை வடித்துவிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கீரையில் உள்ள வைட்டமின் கே அதன் வேலையைக் குறைக்கும் என்பதால், கீரையின் அளவைக் கூட்டுவதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.