பூசலார் வெட்டின கிணறு

(சாட்டியில் ஐப்பசி அனுடத்தன்று நடந்த பூசலார் நாயனார் குருபூசைச் சொற்பொழிவிலிருந்து)

இங்கிலீசில 'ஹார்ட்' எண்ட ஒரு சொல்லை வைச்சு எத்தினை வேலை எடுக்கினம் பாருங்கோ. டொக்டருக்கு அது இரத்தம் இறைக்கிற உறுப்பு. பிள்ளையள் பாடமாக்கினால் 'பை ஹார்ட்'. சீட்டு விளையாடுற ஆக்களுக்கு ஆட்டின். சிரியாதையும் தம்பி, உமக்குத்தான் நல்லாத் தெரியும். கனடாப் பேரன் ஃபோனில அனுப்புற சிவப்புப் படமும் அதுதான். அம்மம்மாவும் இப்ப திருப்பி அனுப்புறா!

சேக்கிழார் பெருமான் காட்டுற நெஞ்சு வேற. திருநின்றவூர்ப் பூசலார். கதை தெரியும்தானே; நாவலர் பெருமான் 1852இல வசனமா அச்சிட்டுத் தந்ததை வீட்டில தூசு தட்டிப் பாருங்கோ. சிவனுக்குக் கோயில் கட்டக் காசு தேடி அலைஞ்சார், கிடைக்கேல்லை. மனசுக்குள்ள கட்டினார். அரசன் காடவர்கோன் காஞ்சியில கல்லால கட்டினார். இரண்டுக்கும் ஒரே நாள் கும்பாபிஷேகம். சுவாமி அரசன்ர கனவில போய், நாளைக்கு நான் நின்றவூருக்குப் போறன், உம்மட நாளை மாத்தும் எண்டிட்டார். அரசன் ஓடிவந்து கோயில் எங்கையெண்டு கேட்டால் ஊராக்கள் முழிக்கினம்.

இதைச் சொன்னால் உடன ஒருத்தர் எழும்புவார்: "நானும் நெஞ்சிலதான் கோயில் கட்டியிருக்கிறன் ஐயா, அதுதான் இஞ்ச வாறேல்லை." சரி, அத்திவாரம் எப்ப போட்டனீர்? பூசலார் மனசுக்குள்ள தச்சரைத் தேடினார், நாள் பார்த்தார், இரவிலயும் கண்மூடாமல் வேலை செய்தார். சுதை பூசினார், மதில் எழுப்பினார், குளம் தொட்டார், கிணறும் வெட்டினார். கிணறு! மனக்கோயிலுக்கு என்னத்துக்குக் கிணறு? கோயிலெண்டால் தண்ணி வேணுமெல்லே. அதைக்கூட அவர் விடேல்லை. வேற ஊரில இதை விளங்கப்படுத்த வேணும், சாட்டியில வேண்டாம். சுத்திவரக் கடல், தீவுப்பகுதியில எத்தினை கிணறு உவர். இந்த மணலுக்குக் கீழ நல்ல தண்ணி. அயலூராக்களும் இதைத்தானே குடிச்சவை.

திரும்பவும் சொல்லுறன், கிணறு வெட்டினார். ஆருக்கும் தெரியாமல் வெட்டினார். நாங்கள் ஒரு ரியூப் லைற் குடுத்தால் வெளிச்சம் மறையிற அளவுக்குப் பேர் எழுதுறம்.

நின்றவூரில இண்டைக்கும் இருதயாலீசுவரர் இருக்கிறார். நெஞ்சு வருத்தக்காரர் ஒப்பரேசனுக்கு முன்னம் போய்க் கும்பிடினம். நீங்களும் கும்பிடுங்கோ, குளிசையையும் விடாதேங்கோ.

வாற ஞாயிறு காலமை கோயில் கிணறு இறைச்சுத் துப்பரவாக்கிறம். நெஞ்சில கோயில் கட்டின ஆக்களும் வாளியோட வாங்கோ.