நல்ல மரம் எங்கே கிடைக்கும்?

மறைமலை நகர்ப் பங்கின் பொறுப்பை நான் ஏற்ற சில வாரங்களில், ஒரு ஞாயிறு திருப்பலிக்குப் பின், அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் என்னைக் காண வந்தார். புதிதாகக் குடிவருவோர் பங்குத்தந்தையிடம் வைக்கும் வேண்டுகோள்கள் எனக்குப் பழக்கமானவை: பேரப்பிள்ளைக்குப் பள்ளியில் இடம், மகனுக்கு ஆலையில் வேலை, குறைந்த வாடகைக்கு ஒரு வீடு. இவர் கேட்டதோ வேறு. "சாமி, இந்த ஊருல நல்ல மரம் எங்க கெடைக்கும்? மரவேல தெரிஞ்ச ஆளு யாராவது இருக்காவளா?"

பல்லாண்டுகள் இறையியல் பயின்ற எனக்கு இவ்வினாவுக்கு விடை தெரியவில்லை. "விசாரித்துச் சொல்கிறேன்" என்று அனுப்பிவைத்தேன். விசாரிக்கவில்லை. அன்று நான் பொருட்படுத்தாது விட்ட அவ்வினா பின்னர் என்னை நெடுநாள் உறங்கவிடவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவர் தென்காசிப் பக்கத்துச் சிற்றூர்க்காரர். நாற்பது ஆண்டுகள் தச்சுத் தொழில் செய்தவர். மனைவி இறந்தபின், ஒரகடத்து ஆலையொன்றில் பணிபுரியும் ஒரே மகனோடு வாழ இங்கு வந்தவர். வந்தபோது உளிகளையும் கொட்டாப்புளியையும் இழைப்புளிகளையும் மூலைமட்டத்தையும் ஒரு பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். தொழிலைக் கைவிட்டு ஓய்ந்திருக்க அவருக்கு மனம் இல்லை.

நம் ஊரைப் பற்றி வாசகர் அறிவர். வேதாசலம் என்னும் தம் பெயரையே மறைமலை என்று தமிழாக்கிக்கொண்ட அடிகளாரின் பெயர் தாங்கியது இது. 1980-களில் சென்னைக்குத் துணைநகராகத் திட்டமிட்டு எழுப்பப்பட்ட ஊர். ஒருபுறம் ஜி.எஸ்.டி. சாலை, மறுபுறம் சிங்கப்பெருமாள் கோயில் வழியாக ஒரகடம், திருப்பெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை என நீளும் ஆலைகளின் வரிசை. இங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் வேறெங்கோ பிறந்தவர்கள். பணிமுறை மாறும் நேரத்தில் ஒருவர் உறங்கச் செல்ல, அடுத்தவர் பேருந்துக்குக் காத்து நிற்பார். ஒரே தெருவில் பத்தாண்டு வாழ்ந்தும் ஒருவர் தொழிலை மற்றவர் அறியாதிருப்பது இங்கு வியப்பன்று.

தம் சொந்த ஊரில் அத்தச்சருக்கு என்ன இருந்தது என்பதைப் பின்னர்தான் நான் கேட்டறிந்தேன். செங்கோட்டையில் ஒரு மர அறுவை ஆலை இருந்தது. அதன் கணக்கர், நல்ல தேக்குத் துண்டு வந்தால் இவருக்கென எடுத்து வைப்பார். வாளுக்குப் பல் தீட்டித் தரும் ஒருவர் இருந்தார். உளி மழுங்கினால் தோய்த்துத் தரும் கொல்லர் இருந்தார். கதவுக்கு நிலை வைக்கத் துணைக்கு வரும் நண்பர்கள் இருந்தார்கள். ஒரு வேலை தவறினால் "இங்கேதான் பிசகியது" என்று சுட்டிக்காட்டும் மூத்தவரும் ஒருவர் இருந்தார். திறமை என்பது ஒருவரின் கையில் மட்டும் இருப்பதாக நாம் எண்ணுகிறோம். அது இத்தனை பேரிடமும் பகிர்ந்து கிடந்தது. அவர் கொண்டுவந்த பெட்டியில் கருவிகள் இருந்தன. இந்த மனிதர்களை அதில் வைத்துக் கொண்டுவர இயலவில்லை.

இனி நான் செய்த பிழையைச் சொல்ல வேண்டும். ஆலயத்துக்கு ஒரு வாசக மேடை தேவைப்பட்டது. அவர் கூலி வேண்டாமென்று தாமே முன்வந்தார். தெரிந்த கடை ஏதும் இல்லாமையால், வழியில் கண்ட ஒரு கடையில் பலகை வாங்கினார். நன்கு உலர்ந்த தேக்கு என்றுதான் அங்கே சொன்னார்களாம். இருபது நாள் உழைத்து மேடையை முடித்தார். தவக்காலம் தொடங்கியபோது அது எல்லாருடைய பாராட்டையும் பெற்றது. உயிர்ப்புப் பெருவிழா வருமுன் மேற்பலகை வளைந்து, நடுவே விரல் நுழையும் அளவுக்குப் பிளந்தது. பங்குப்பேரவைக் கூட்டத்தில் நான், "ஊர் மாறினால் கைவண்ணமும் மாறிவிடும் போலும்" என்று நகைத்துச் சொன்னேன். கூடியிருந்தோர் சிரித்தனர். சொல் அவர் காதுக்கு எட்டியது. அதன்பின் ஆறு வாரம் அவரைத் திருப்பலியில் காணவில்லை.

ஆலயக் கதவின் கீலைச் சரிசெய்ய, இவ்வூரில் நெடுநாளாய்ப் பட்டறை வைத்திருக்கும் தச்சர் ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். நம் சமயத்தவர் அல்லர். வேலை முடிந்ததும் ஓரமாக ஒதுக்கி வைத்திருந்த வாசக மேடையைக் கண்டு அருகே சென்றார். பிளவைத் தடவிப் பார்த்தார், பலகையின் வெட்டுமுகத்தை நோக்கினார், பின்பு குனிந்து கால்களின் இணைப்பை நெடுநேரம் ஆராய்ந்தார். "பாதர், வேலையில தப்பே இல்ல. மரம் காயல. இந்த நாக்கும் துளையும் பாருங்க, ஒரு ஆணி இல்லாம நிக்குது. இதைச் செஞ்சவரு யாரு? நான் பாக்கணும்" என்றார்.

மரத்தின் இயல்பை அன்று அவர் எனக்கு விளக்கினார். வெட்டிய மரத்தில் நீர் தங்கியிருக்கும். அது வெளியேறும்போது மரம் நீளவாட்டில் ஏறத்தாழச் சுருங்குவதே இல்லை, அகலவாட்டில்தான் சுருங்கும். போதிய அளவு உலருமுன் இழைத்துப் பொருத்திய பலகை, பொருத்திய இடத்திலேயே சுருங்க முயன்று, இடமில்லாமல் பிளக்கும். செய்தவரின் கை எத்துணை நேர்த்தியானதாயினும் இதைத் தடுக்க முடியாது. மர வாணிகமும் மாறிவிட்டது. மியான்மர் 2014-இல் மரத்தடி ஏற்றுமதியை நிறுத்திய பின், பர்மா தேக்கு அரிதாகிவிட்டது. இன்று வருவதில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் தோட்டங்களில் வளர்ந்த இளந்தேக்கு. பழைய தேக்கைக் கண்ணாலேயே எடைபோட்ட தென்காசித் தச்சருக்கு இந்தப் புதிய மரம் அந்நியம். யாராவது ஒருவர் சொல்லித்தர வேண்டியிருந்தது. சொல்லித்தர ஒருவரும் இல்லாதபோது, நான் அவரை எள்ளி நகைத்தேன்.

அன்று மாலையே இருவருமாக அவர் வீட்டுக்குச் சென்றோம். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் எழுந்து நின்று, "சாமி அப்படியெல்லாம் சொல்லக்கூடாது" என்று மட்டும் சொன்னார். பட்டறைக்காரரோ என் மன்னிப்புக்கு நேரம் வைக்கவில்லை. "அண்ணாச்சி, அந்த நாக்கு எந்த உளியில எடுத்தீங்க?" என்று தொடங்கினார். பெட்டி திறந்தது. அந்த இரவு எனக்கு அங்கு வேலை இருக்கவில்லை.

அடுத்த வாரம் மூவரும் மறைமலை நகர் காமராஜர் நிலையத்தில் மின்தொடர் வண்டி ஏறி, சென்னைப் பூங்கா நிலையத்தில் இறங்கி, மரக்கடைகள் நிறைந்த சைடன்ஹாம்ஸ் சாலைக்குச் சென்றோம். எந்தத் தேக்கு எந்த நாட்டினது, வயிரப்பகுதியை எப்படிக் கேட்டு வாங்குவது, கன அடிக் கணக்கைக் கண்முன்னே எப்படி அளக்கச் செய்வது என்றெல்லாம் இளையவர் சொல்ல, மூத்தவர் மாணவரைப்போல் கேட்டுவந்தார். பிறகு இளையவர் தமக்குப் பழக்கமான கடைக்காரரிடம், "இவர் நம்ம ஆளு. எனக்குக் குடுக்கற மரத்தையே இவருக்கும் குடுங்க" என்றார். பதினைந்து ஆண்டுகள் நாணயமாக வாணிகம் செய்து ஈட்டிய நற்பெயரை, பத்து நாள் பழகிய ஒருவருக்காகப் பிணையாக வைத்த சொல் அது.

திரும்பிவந்தபின் வேறொன்றும் கற்பித்தார். நம் ஆலைகளுக்கு வெளிநாட்டு இயந்திரங்களும் உதிரிப்பாகங்களும் வந்திறங்கும் பெட்டிகள் பலவும் ஊசியிலை மரத்தால் ஆனவை. அவை கழிவாக விற்கப்படுகின்றன. மரத்தோடு பூச்சிகள் நாடு விட்டு நாடு செல்லாதிருக்க, பன்னாட்டு விதிப்படி அவற்றைப் பக்குவப்படுத்தி முத்திரையிடுவார்கள். எச்.டி. என்று முத்திரை இருந்தால், மரத்தின் உட்பகுதிவரை 56 பாகை செல்சியசில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டது என்று பொருள். எம்.பி. என்றிருந்தால் நச்சுப்புகை ஊட்டப்பட்டது. அதனை அடுக்களைப் பொருள்களுக்கும் குழந்தைகளின் பொருள்களுக்கும் பயன்படுத்தலாகாது. "பெட்டி மரமா?" என்று முதலில் முகம் சுளித்த தென்காசித் தச்சர், இன்று அதில் குழந்தைகளுக்குப் படிப்பு மேசை செய்கிறார்.

இங்குதான் அறம் சார்ந்த வினா ஒன்று எழுகிறது. பட்டறைக்காரர் இதைச் செய்ய வேண்டிய கடமை உண்டா? பிறரை ஏமாற்றாதிருத்தல் நீதி. அதை அவர் முன்பே கடைப்பிடித்துவந்தார். தன் பிழைப்புக்குப் போட்டியாக வரக்கூடிய ஒருவருக்குத் தன் கடையையும் தன் நற்பெயரையும் திறந்துவிடு என்று எந்த நீதியும் அவரைக் கட்டாயப்படுத்தாது. அவருக்கும் மனைவி மக்கள் உண்டு. வடமாநிலத் தச்சர்கள் ஒப்பந்தக்காரரின் கீழ் குழுக்குழுவாக வந்து, ஆயத்தப் பலகைகளால் விரைவாக வேலையை முடித்துச் செல்லும் காலம் இது. அவர்களும் நம்மைப்போல் பிழைக்க வந்தவர்களே. ஆயினும் சிறு பட்டறைக்கு வரும் வேலை குறைந்திருப்பது உண்மை. "தொழில் இரகசியத்தைக் காப்பது குற்றமா?" என்று ஒருவர் கேட்டால், குற்றம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

திருத்தூதர் பணிகள் நூலின் 18-ஆம் அதிகாரத்தைப் பலமுறை வாசித்த நான், இந்நிகழ்ச்சிக்குப் பின்பே அதன் தொடக்கத்தைக் கூர்ந்து கண்டேன். புனித பவுல் கொரிந்துக்குப் புதியவராக வருகிறார். பேரரசர் கிளவுதியுவின் ஆணையால் உரோமையிலிருந்து வெளியேறிய அக்கிலா, பிரிஸ்கில்லா என்னும் தம்பதியரைச் சந்திக்கிறார். அவர்களோடு தங்கி வேலை செய்கிறார். இதற்கு லூக்கா தரும் காரணம் இருவரும் ஒரே தொழிலர் என்பதே. கூடாரம் செய்வது அத்தொழில். அக்கிலாவும் இடம்பெயர்ந்தவர்தாம், அவருக்கும் அந்நகரில் பிழைப்பு உறுதியாய் இருந்திராது. அதே தொழில் தெரிந்த இன்னொருவரைப் பட்டறையில் அமர்த்திக்கொள்வது தம் சோற்றைப் பகிர்வதாகும். அப்பட்டறையில் பிறந்த நட்பு, பவுலுக்காகத் தம் உயிரையே இடருக்கு உட்படுத்தும் அளவுக்கு அத்தம்பதியரைக் கொண்டுசென்றது என்பதை உரோமையருக்கு எழுதிய மடலால் அறிகிறோம்.

பிற்காலத்திலும் இத்தகைய விருந்தோம்பல் இருந்தது. பிரான்சு நாட்டில் இளம் தச்சரும் கற்றச்சரும் ஊர் ஊராகச் சென்று தொழில் பயிலும் மரபு இன்றும் உயிரோடிருக்கிறது. செல்லும் நகரில் தங்க ஓர் இல்லம் உண்டு. அதை நடத்தும் பெண்மணியை அவர்கள் 'அன்னை' என்றே அழைப்பர். 2010-இல் யுனெஸ்கோ இம்மரபை மானுடத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. ஆயினும் இதற்கும் ஓர் இருண்ட பக்கம் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் எதிரெதிர்ச் சங்கத்துத் தொழிலாளர் வழியில் சந்தித்தால் தடிகொண்டு தாக்கிக்கொள்வர். அகிரிகோல் பெர்திகியே என்னும் தச்சர், அவர்களை ஒப்புரவாக்க 1839-இல் ஒரு நூலையே எழுதினார். தன் கூட்டத்தாருக்கு மட்டும் கதவு திறக்கும் அன்பு, அடுத்தவன் தலையில் அடிக்கவும் தயங்காது என்பதற்கு அது சான்று. நம் பட்டறைக்காரர் தம் சமயத்தவனா, தம் ஊரானா என்று கேட்கவில்லை. நாக்கையும் துளையையும் கண்டார். செய்தவரைப் பார்க்க விரும்பினார்.

அதற்கு அவர் விலையும் கொடுத்தார். சென்ற ஆண்டு, அருகில் எழுந்த ஒரு வீட்டின் கதவு வேலை முழுவதும் தென்காசித் தச்சருக்குச் சென்றது. முன்பாயின் அது இளையவருக்கே வந்திருக்கும். நான் அவரிடம், "வருத்தம் இல்லையா?" என்று கேட்டேன். "இருந்துச்சு பாதர். ரெண்டு நாள் பேசல" என்றார். பின்பு, "ஆனா நிலை வைக்கிற அன்னிக்கு அண்ணாச்சிக்கு ஆள் வேணுமே, போனேன்" என்றார். அந்த வருத்தத்தை அவர் மறைத்திருந்தால் அவர் சொன்ன மற்றவற்றை நான் இவ்வளவு நம்பியிருக்க மாட்டேன். அன்பு இழப்பை உணராத ஒன்றன்று. இழப்பை உணர்ந்தபின்பும் நிலையைத் தூக்கிப் பிடிக்கச் செல்வது அது என்று அன்று விளங்கியது.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் வெளியிட்ட உழைப்பு பற்றிய சுற்றுமடல், உழைப்பின் மதிப்பை முதலில் உழைக்கும் மனிதரிடம் காண வேண்டும், செய்த பொருளில் அன்று எனக் கற்பிக்கிறது. இதனைக் குருமடத்தில் படித்து, தேர்வும் எழுதியவன் நான். பிளந்த பலகையைக் கண்டேன், மனிதரைக் காணவில்லை. சுற்றுமடலைப் படித்திராத ஒருவர் என் ஆலயத்துக்குள் நின்று அதை எனக்கு விளக்க வேண்டியதாயிற்று.

நம் பங்கின் குடும்பப் பதிவேட்டைப் பின்னர் எடுத்துப் பார்த்தேன். திருமுழுக்கு, உறுதிபூசுதல், திருமணம் ஆகியவற்றுக்குப் பத்திகள் இருந்தன. சந்தாவுக்கும் ஒரு பத்தி இருந்தது. பணிபுரியும் நிறுவனத்தின் பெயரைக்கூடக் கேட்டிருந்தோம். "உமக்கு என்ன கைத்தொழில் தெரியும்?" என்ற கேள்வி எங்குமில்லை. இப்போது அன்பியக் கூட்டங்களில் அதைக் கேட்கிறோம். வலை பின்னத் தெரிந்தவர், பாய் முடையத் தெரிந்தவர், நாதசுரம் வாசிப்பவர் எனப் பலர் இத்தனை ஆண்டுகளாக நம் நடுவே வாய்திறவாது அமர்ந்திருந்திருக்கின்றனர்.

அன்பு வாசகரே, உங்கள் தெருவிலும் அண்மையில் யாரேனும் குடிவந்திருப்பர். அவருக்குத் தெரிந்த தொழில் என்ன என்று கேட்டீர்களா? அவர் தேடும் கடை எது என்று உங்களுக்குத் தெரியுமாயின், அவருடன் ஒருநாள் சென்றுவருவீர்களா?

பழைய மேற்பலகையை அகற்றிவிட்டு, சைடன்ஹாம்ஸ் சாலையில் வாங்கிய மரத்தால் இருவரும் சேர்ந்து புதியது பொருத்தினர். இரண்டு கோடைகள் கடந்துவிட்டன. வாசக மேடை நேராக நிற்கிறது.