அப்பத்தாவின் ராத்திரிச் சாப்பாடு

இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் அப்பத்தா என்ன சாப்பிடுகிறார் என்று பாருங்கள். பல்லில்லை, தோசை மாவு புளித்துவிட்டது, மருமகளுக்கு எதற்குச் சிரமம் என்று ஒரு டம்ளர் டீயும் நாலு பிஸ்கட்டுமாக முடித்துக்கொள்கிறாரா? அந்தப் பிஸ்கட்டை வாங்கி வந்து வைத்தது நீங்கள்தான். பாசத்தோடுதான் வாங்கினீர்கள். அந்தப் பாசத்தைக் காட்டும் விதத்தை மாற்றுங்கள் என்கிறேன், அதையும் இந்த வாரமே.

சொன்னதையே திரும்பச் சொல்கிறார், பழகிய தெருவில் வழி தெரியாமல் நிற்கிறார் என்றால், ‘வயசாச்சுல்ல’ என்று தள்ளிவிடாதீர்கள். அது டிமென்ஷியாவாக இருக்கலாம். இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, இந்த நோய் இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். 14 காரணங்களைக் கவனித்தால் உலகில் 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று லான்செட் மருத்துவ இதழின் வல்லுநர் குழு 2024-ல் சொன்னது. அவற்றில் சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு, உடல் பருமன், கெட்ட கொழுப்பு ஆகிய நான்கும் பெரும்பாலும் தட்டு வழியாக வருபவை.

ஆலையில் மிகையாகப் பதப்படுத்திப் பொட்டலத்தில் அடைத்த தீனி பற்றித் தனியாகவே ஆய்வு உண்டு. பிரிட்டனில் 55 வயது தாண்டிய சுமார் 72,000 பேரைப் பத்தாண்டுகள் கவனித்தார்கள். 2022-ல் வெளியான முடிவின்படி, அன்றாட உணவில் இந்தத் தீனியின் பங்கு 10 சதவீதம் கூடுதலாக இருந்தவர்களுக்கு டிமென்ஷியா அபாயம் 25 சதவீதம் கூடுதல். இது தொடர்பைத்தான் காட்டுகிறது, காரணம் இதுதான் என்று அறுதியிடவில்லை. இருக்கட்டும். பிஸ்கட்டை விட்டவர் எதை இழக்கப் போகிறார்?

மதுரையில் சாப்பாட்டைக் குறை சொல்ல வந்தால் முதலில் பரோட்டாவைத்தான் கூண்டில் ஏற்றுவார்கள். ராத்திரி பதினொரு மணிக்குப் பிய்த்துப் போட்டு சால்னாவில் முங்கவிட்டு அடிக்கிறோமே, அதற்கு நான் வக்கீல் இல்லை. மைதாவும் எண்ணெயும் தீங்கு செய்யத்தான் செய்யும். ஆனால் அது நம் கண் முன்னால் கல்லில் வேகிறது. தின்றதும் உறுத்துகிறது, மறுநாள் கொள்ளு ரசம் வைக்கிறோம். டிவிக்குப் பக்கத்து டப்பாவில் இருப்பதற்கு யார் கணக்கு வைக்கிறார்கள்? அந்தப் பொட்டலத்தைத் திருப்புங்கள். எடையில் அதிகமாக உள்ள பொருளிலிருந்து வரிசையாகப் போட வேண்டும் என்பது சட்டம். முன்னால் கோதுமைக் கதிர் படம் இருக்கும், பின்னால் பெரும்பாலும் மைதாதான் முதலில் நிற்கும், சர்க்கரையும் பாமாயிலும் அடுத்தடுத்து வரும். எறும்பு சைஸ் எழுத்து, அதுவும் இங்கிலீஷில். அப்பத்தாவுக்கு நீங்கள்தான் படித்துச் சொல்ல வேண்டும்.

மூளைக்குள் ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சர்க்கரையும் கொதிப்பும் வருஷக்கணக்கில் கெடுக்கின்றன. கேடு நாற்பதுகளிலேயே தொடங்கிவிடலாம், மறதியோ எழுபதில்தான் வெளியே தெரியும். ஆகவே ஆபீஸில் நாலு மணிக்குப் பஃப்ஸ் தின்னும் தம்பி, இது உனக்கும்தான்.

பெரியாஸ்பத்திரிக்கு ஆள் பார்க்கப் போகும்போது ரொட்டியும் மால்ட் பவுடர் பாட்டிலும் வாங்கிப் போகாதீர்கள். அத்தகைய பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற பிரிவில் வைக்காதீர்கள் என்று ஒன்றிய அரசே 2024 ஏப்ரலில் இணைய வணிகர்களுக்கு எழுதியது. கனிந்த பப்பாளி வாங்கிப் போங்கள். பல்லில்லாதவருக்குப் பொட்டலம்தான் கதியா? பேரையூர், டி.கல்லுப்பட்டி மானாவாரிக் காட்டில் விளையும் குதிரைவாலியைக் குழைய வேகவைத்து மோர் விட்டுப் பிசைந்தால் மெல்லவே வேண்டாம். பருப்புப் போட்டுக் கடைந்த கீரை இருக்கிறது, இட்லி இருக்கிறது, வாய்த்தால் அயிரை மீன் குழம்பு. (பருத்திப்பால் கூடாதா என்பீர்கள். வெல்லம் போட்டதுதானே, சர்க்கரைக்காரருக்கு அதுவும் இனிப்புத்தான்.) உப்பு ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள் இருக்க வேண்டும், ஒரு டீஸ்பூன் அளவு. அப்பளம், ஊறுகாய், நூடுல்ஸ் மசாலா எல்லாம் அதற்குள் அடக்கம்.

மறதி எல்லாமே டிமென்ஷியா அல்ல. தைராய்டு கோளாறிலும் பி12 குறைவிலும் ஞாபகம் தடுமாறும். மெட்பார்மின் மாத்திரையை வருஷக்கணக்கில் போடுகிறவர்களுக்கு பி12 குறையலாம். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் சொல்லிச் சோதியுங்கள். இவை நேரத்தோடு கண்டுபிடித்தால் மருந்தில் சரிசெய்யக்கூடியவை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று சுகாதாரப் பணியாளர் வாசலுக்கே வந்து சர்க்கரையும் பிரஷரும் பார்க்கும்போது ‘எனக்கு ஒண்ணுமில்லம்மா’ என்று திருப்பி அனுப்பாதீர்கள். அப்பத்தாவை உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அடுத்ததாக உங்கள் கையை நீட்டுங்கள். நாற்பத்தைந்து வயதுக்கு அது ஒன்றும் சீக்கிரமில்லை.